கொட்டாவி மீன்

வாண்டுவின் அப்பாவுக்கு மீன் அருங்காட்சியகத்தில் வேலை. இரண்டு வாரமாக அவர் லீவே எடுக்கவில்லை. நாளைக்குத்தான் லீவு.

பள்ளி விட்டதும் அப்பாவைக் கூட்டிப் போக வந்தவள், அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னாச்சுப்பா?"

"ஜாடிக்குள்ள போடற பேர்ச் சீட்டைப் பென்சில்லதாம்மா எழுதணும். தூக்கக் கலக்கத்துல பேனாவால எழுதிட்டேன். ஸ்பிரிட்ல மை கரைஞ்சிருச்சு."

மேசையில் பன்னிரண்டு ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நீள மீனும் ஒரு வெற்றுச் சீட்டும் கிடந்தன.

"ஆறு நெத்திலி, ஆறு சாளை. மீன் வகைப்பாட்டுல ரெண்டும் ஒரே வரிசை, குடும்பம்தான் வேற. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி."

"நிறம் வேற வேறயா இருக்காதா?"

"எல்லாம் வெளுத்துப் போச்சு. இன்னைக்கு முடிக்கலைன்னா நாளைக்கும் வரணும். ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கறேன்."

மேசையில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். பார்க்கவே பாவமாக இருந்தது. வாண்டுவுக்கு அவரை எழுப்ப மனம் வரவில்லை.

அலமாரியிலிருந்த தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். நெத்திலிக்கு மூக்கு முன்னால் நீண்டிருக்கும். அதன் கீழே வாய்ப் பிளவு கண்ணையும் தாண்டிப் போகும். வாயை 'ஆ'வென்று திறந்தபடி நீந்தி, தண்ணீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னுமாம். சாளையின் வாய் சின்னது. கண்ணைத் தாண்டாது.

வாண்டு பூதக்கண்ணாடியால் முதல் ஜாடியைப் பார்த்தாள். பிறகு, வாயைப் பிளந்து தூங்கும் அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

பென்சிலால் ஒவ்வொரு பெயராக எழுதி, சீட்டை ஜாடிக்கு முன்னால் வைத்தாள். உள்ளே போடவில்லை. அப்பா சரிபார்க்க வேண்டுமே!

அவர் விழித்தபோது வேலை முடிந்திருந்தது.

"ஏழு நெத்திலி வருதுப்பா."

"ஆறுதானே?"

அப்பா ஒவ்வொரு ஜாடியாகத் தூக்கிப் பார்த்தார். பதிவேட்டையும் திறந்தார். அதிலும் ஏழு என்றுதான் இருந்தது.

"அட, நான்தான் தப்பாச் சொல்லிருக்கேன்! எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"கொட்டாவி விடற வாய் இருந்தா நெத்திலி. உங்களைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே பெரிய கொட்டாவியாக மாறியது.

வாண்டு இன்னொரு சீட்டை எடுத்துப் பென்சிலால் எழுதி, அவருடைய சட்டைப் பையில் செருகினாள்.

'எட்டாவது நெத்திலி. நாளைக்கு யாரும் தொடக் கூடாது. தூங்கட்டும்.'