அலமாரியில் ஒட்டிய காந்தம்

பிணத்தின் இடது காறை எலும்புக்குக் கீழே மட்டும் சூடாக இருந்தது.

பிற்பகல் மூன்று மணி. பினாயில் வாசனை, சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய், குளிர்பெட்டியின் தாழ்ந்த உறுமல். பிணவறைப் பணியாளர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது; இதயம் தடுமாறினால் மின் அதிர்ச்சி கொடுத்துத் திருத்துவது. எரிக்கும் முன் எடுக்காவிட்டால் நெருப்பில் வெடிக்கும்.

கருவியை அணைக்க வேண்டிய டெக்னீஷியன் இன்னும் வரவில்லை. போன் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"அரை மணி நேரம் பொறுங்கண்ணே."

"வெளிய சொந்தக்காரங்க கதவ உடைச்சிடுவாங்க போல. ஒயர நானே வெட்டிடறேம்மா. இருபது வருசத்துல எந்தப் பொணமும் என்னை உதைச்சதில்ல."

"இது உதைக்கும். காலைல நெஞ்சு மேல ஒரு காந்த வளையம் ஒட்டிட்டுப் போனேனே, அது இருக்கிற வரைக்கும்தான் கருவி தூங்கும்."

அவர் பாதிதான் கேட்டார். பிரேதப் பரிசோதனைக்காகத் திறந்த மார்புக்குள் இடக்கையை விட்டு இதயத்தைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது. உயிருள்ள செல்லுக்குள் பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. செல்லின் சுவரில் ஒரு கதவு திறந்தால் சோடியம் பாய்ந்து மின்னழுத்தம் புரளும். அந்தப் புரளல் அடுத்த செல்லின் கதவைத் தட்டும். தட்டல் பரவிப் பரவி இதயமே சுருங்கும். செத்த பிறகு உள்ளும் புறமும் ஒரே உப்புத்தண்ணீர். எத்தனை தட்டினாலும் திறக்க ஆளில்லாத வீடு. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் வேலை பார்த்தார்.

கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயரை வெட்டினார்.

வெட்டிய முனை கத்தரியில் கரகரவென்று உரசியது. அதை இதயத்தின் நடுக்கம் என்று கருவி நம்பியது. காறை எலும்புக்கடியில் மெல்லிய ரீங்காரம் ஏறியது.

அப்போதுதான் அலமாரியைப் பார்த்தார். உடலைக் கழுவும்போது இடைஞ்சல் என்று அவரே எடுத்த வளையம், இரும்புக் கதவில் டியூட்டி பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இடி.

பிணம் மேசையில் எகிறி விழுந்தது. அவருடைய பற்கள் நாக்கைத் துண்டித்தன. விலா எலும்பின் முனை மணிக்கட்டைக் கிழித்தது. கையை இழுத்தார். வரவில்லை. மின்சாரம் ஏறிய தசைக்குச் சுருங்கத்தான் தெரியும். விரல்கள் இதயத்தை இறுக்கிப் பூட்டியிருந்தன.

மறுபடி ரீங்காரம்.

இடி.

"அண்ணே? என்ன சத்தம் அது?"

இடி.

பிறகு அமைதி. குழாய் சொட்டியது. அவருடைய ரத்தமும் சொட்டியது.

உள்ளங்கைக்குள் ஏதோ அழுத்தியது. விட்டது. அழுத்தியது. குளிர்ந்த அந்தச் சதை, நிதானமாக, தவறாமல்.

வலக்கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

அங்கே எதுவும் துடிக்கவில்லை.