நாலாம் பெட்டியில் பச்சை இல்லை

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கிறிஸ்டினா நாலாம் பெட்டியில் தண்ணீர் மாற்றினாள். பாட்டில் மூடியில் பஞ்சை நனைத்துத் தேங்காய் நார்த்தூளின் ஓரத்தில் பதித்தாள். பெட்டியை மூடி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுப் போட்டாள். தேள் என்றாலே அவளுக்கு ஆகாது. தம்பி டேனியலின் கையெல்லாம் பஜ்ஜி எண்ணெய் என்பதால் அவள் செய்தாள்.

“மெதுவாக்கா. கறுப்பி இன்னும் ஒரு தபா தோல் உரிச்சா வயசுக்கு வந்துரும்.”

“அப்ப மாமன் சீர் யாருது? உன் பிரெண்டு பிரசன்னாவா?”

“அவனா? பஜ்ஜியத் துன்னுட்டு எஸ்கேப் ஆயிடுவான்.”

“கேக்குதுடா!” என்று ஹாலிலிருந்து பிரசன்னா கத்தினான். மூவரும் சிரித்தார்கள். அடுப்படியில் அம்மா அம்மணியும் சிரித்தாள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு டேனியல் உயிரோடு இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுதினம், சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் அபிதகுஜாம்பாளின் வீட்டு அழைப்பு மணியை அடித்தாள் கிறிஸ்டினா. அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்தில் உயிரியல் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அபிதகுஜாம்பாள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது மனதை அரிக்கும் ஒரு கேள்வி இருந்தால் அவரிடம் வருவார்கள். கதவைத் திறந்தவர் அவருடைய கணவர் ராஜகோபால். கேள்வி என்ன என்று தெரிவதற்கு முன்பே நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்.

“என் தம்பியக் கொன்னது நானான்னு தெரியணும் மேடம்” என்றாள் கிறிஸ்டினா.

அபிதகுஜாம்பாள் விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். “முதல்லேர்ந்து சொல்லுங்க. அவசரமே இல்லை.”

டேனியல் ஆறு தேள்கள் வளர்த்தான். ஆறும் உள்ளங்கை நீளத்துக்கு வளரும் கருந்தேள்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. செவ்வாய் விடியற்காலை ஐந்தே கால், மழை, கரண்ட் இல்லை. வேலைக்குக் கிளம்பியவன் பின்வாசல் படியில் இருந்த ஷூவில் இருட்டிலேயே காலை விட்டான். கத்தினான். ஷூவை உதறியதில் ஏதோ விழுந்து ஓடியது. என்ன என்று அவன் பார்க்கவில்லை.

“என்னைக் கூப்ட்டு, ‘ஊதா டார்ச்ச எடுத்துனு போய் பெட்டிங்கள பாருக்கா, எது இல்லன்னு சொல்லு’ன்னான். அந்த லைட்டுல தேள் பச்சையா மின்னும் மேடம். பெட்டிக்குள்ள அதுங்க ஒளிஞ்சிக்கிற மரப்பட்டையத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அஞ்சு பெட்டியில பச்சை இருந்தது. நாலாவதுல இல்ல. சொன்னேன். ‘கறுப்பியா? அது குளவி கொட்டுனா மாதிரிதான், ஒண்ணும் ஆவாது’ன்னு உக்காந்துட்டான். எட்டு மணிக்கு சட்டையெல்லாம் வேர்வை, வாந்தி, கை ஐஸா இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். லேட்டுன்னுட்டாங்க.”

“உங்க கேள்வி?”

“முந்தின நாள் அந்தப் பெட்டிய மூடுனது நான். சரியா மூடலன்னு அம்மா சொல்றாங்க. முப்பது நாளா என்கூட பேசல. எனக்கு மூடுன ஞாபகம் இருக்கு. ஆனா அந்த ஞாபகத்தையே இப்ப நம்ப முடியல.”

“காலைல பார்க்கறச்ச அந்தப் பெட்டி எப்படி இருந்தது?”

கிறிஸ்டினா கண்ணை மூடி யோசித்தாள். “மூடித்தான் இருந்தது. ரப்பர் பேண்ட நான்தான் கழட்டினேன்.”

“வெளியே போன தேள் திரும்பி நின்னு ரப்பர் பேண்ட் போட்டுதா?” என்று துள்ளினார் ராஜகோபால்.

“ஏன்னா, சித்த சும்மா இருங்கோ” என்றார் அபிதகுஜாம்பாள். “தேள்லாம் இப்போ எங்கே?”

“பிரசன்னாகிட்ட, கோவிலம்பாக்கத்துல. மூணாம் நாள் வந்து எடுத்துனு போனான். அவனும் வளக்கிறான். அஞ்சுதான் கீதுன்னு அவனும் சொன்னான்.”

அன்று மாலையே மூவரும் கிறிஸ்டினாவின் வீட்டுக்குப் போனார்கள். அம்மணி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மகள் பக்கம் திரும்பவில்லை. டேனியலின் அறையில் ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பெட்டிகள் இருந்த பலகையில் ஆறு சதுரம் தூசியில்லாமல் தெரிந்தது. சுவரில் சாக்பீஸில் ‘டேனி 9, பிரஸ் 11’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன ஸ்கோர்?”

“தோல் மேடம். தேள் உரிச்ச தோலு. எவன் முதல்ல பாக்குறானோ அது அவனுக்கு. ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு சட்டம். கேக்காம எடுக்கலாம், திருட்டுன்னு சொல்லக் கூடாது. அப்புறமா வந்து வெறுப்பேத்துவாங்க.”

அபிதகுஜாம்பாள் டேனியலின் குறிப்பேட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், ‘கறுப்பி. ஒன்பது நாளா சாப்பிடல. வயிறு உப்பிக்கீது. இன்னிக்கா நாளைக்கா’ என்று இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் நெடுநேரம் பார்த்தார்.

“அம்மா, திங்கட்கிழமை பிரசன்னா எவ்வளவு நேரம் இருந்தார்?”

“பஜ்ஜி துன்னுட்டு இந்த ரூமுக்குப் போனான், அஞ்சு நிமிசம் இருக்கும். அப்ப டேனி குளிச்சினு இருந்தான். வெளிய வந்து காலி ஸ்வீட்டு டப்பா கீதான்னு கேட்டான். குடுத்தேன். டேனி குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டான்” என்ற அம்மணி, குரலை இறக்கினாள். “எதுக்கும்மா இதெல்லாம்? போனவன் வருவானா?”

“வரமாட்டார். உங்க பொண்ணு இருக்காங்களே, அவங்களுக்காகக் கேக்கறேன்.”

இருட்டத் தொடங்கியதும் ராஜகோபால் ஊதா டார்ச்சுடன் பின்வாசலுக்குப் போனார். பக்கத்து மனையில் வீடு கட்ட இறக்கிய செங்கல் அடுக்கு, படியிலிருந்து இரண்டடியில் இருந்தது. கால் மணி நேரம் கழித்து அவர் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. கல் இடுக்கில் சின்னதாக ஒரு பச்சை மின்னியது. சாதாரண வெளிச்சத்தில் அது செங்கல் நிறம். இடுக்கிக் கைகள் ஒல்லி, வால் தடிமன்.

“செந்தேள்” என்றார் அபிதகுஜாம்பாள். “கறுப்பிக்குக் கை பெரிசு, வால் ஒல்லி. பயமுறுத்தும், கொல்லாது. கொல்றது இந்த ஜாதி. வேர்வை, வாந்தி, சில்லுனு கைன்னு நீங்க சொன்னப்பவே சந்தேகம். ஷூவுக்குள்ள இருந்தது இதோட உறவுதான்.”

“அப்ப கறுப்பி?” என்றாள் கிறிஸ்டினா. “அது பெட்டியில இல்லியே.”

“பிரசன்னாவை வரச் சொல்லுங்க. பெட்டிகளோட.”

ஞாயிற்றுக்கிழமை பிரசன்னா ஐந்து பெட்டிகளுடன் வந்தான். இளைத்திருந்தான். அம்மணி அவனுக்கு டீ கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“பிரசன்னா, தோல் உரிச்ச தேள் மேல ஊதா வெளிச்சம் அடிச்சா எப்படித் தெரியும்?”

அவன் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“நான் சொல்றேன். புதுத் தோல் இறுகற வரைக்கும் மின்னாது. ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். ஆனா உரிச்சுப் போட்ட பழைய தோல் நன்னா மின்னும். ஒன்பது நாள் சாப்பிடாத கறுப்பி திங்கட்கிழமை உரிச்சுடுத்து. பட்டைக்கு அடியில வெளுத்துப்போய், துளி பச்சை இல்லாம கிடந்தது. கிறிஸ்டினா தண்ணி மாத்தினப்போ பட்டையைத் தூக்கலை, அதனால தெரியலை. காலைல தூக்கினாங்க. ஆனா தேடினது பச்சையை. பழைய தோல் அங்கே இருந்திருந்தா அது மின்னியிருக்கும். ‘நாலாவதுலயும் இருக்கு’ன்னு தம்பிகிட்ட சொல்லியிருப்பாங்க. ஆறும் உள்ளே இருக்குன்னா, கொட்டினது வெளித்தேள்னு டேனியலுக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிருக்கும். அஞ்சே காலுக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பார்.”

ராஜகோபால் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

“தோல் அங்கே இல்லை. ஸ்வீட் டப்பாவுல இருந்தது. ஆறாவது பெட்டி எங்கேப்பா?”

பிரசன்னா பெட்டிகளைப் பார்த்தபடி சொன்னான். “எங்க வூட்ல. கட்டிலுக்குக் கீழ.” பிறகு நிற்காமல் வந்தது. “மறுநாள் அவன வெறுப்பேத்தலாம்னு எடுத்தேன்க்கா. என்னோட பன்னெண்டாவது தோலு. அட்டையில தேதி கூட எழுதிட்டேன். மூணாம் நாள் பெட்டிங்கள எடுத்துனு போறப்போ பட்டையத் தூக்குனேன், கறுப்பி கீது. பாதி கறுத்துப்போய். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. சொல்லணும்னு எத்தினியோ தபா தெருமுனை வரைக்கும் வந்தேன்.”

“எனக்கு இந்த முப்பது நாளும் எப்படிப் போச்சு தெரியுமாடா?” என்றாள் கிறிஸ்டினா. கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். கெஞ்சலாகத்தான் வந்தது.

அம்மணி எழுந்து அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். “எம் புள்ளைக்கு வச்ச பஜ்ஜியத்தான உனக்கும் வச்சேன்” என்றாள். அடுப்படிக்குப் போய், ஆறிய டீயைக் கொட்டிவிட்டு, முதுகைக் காட்டியபடியே நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்.

“கிறிஸ்டி. நீ பெட்டிய மூடித்தான் வச்சியா?”

“ஆமாம்மா.”

“நான் கேக்கவே இல்ல பாரு உன்ன. சொன்னனே ஒழிய கேக்கல.”

அம்மணி குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள். பிரசன்னா சுவரோரம் குந்தி, முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். யாரும் அவனைப் போகவும் சொல்லவில்லை, எழுப்பவும் இல்லை.

வாசல் வரை கிறிஸ்டினா வழியனுப்ப வந்தாள். ராஜகோபால் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனதும் கேட்டாள்.

“மேடம், பெட்டிய மூடுனது சரி. ஆனா ‘இல்ல’ன்னு சொன்னது நான்தான? அந்தச் சொல்லாலதான அவன் உக்காந்தான்?”

அபிதகுஜாம்பாள் திரும்பி அவளைப் பார்த்தார். ஆய்வகத்தில் எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவர். ஆறுதலுக்காக ஒரு வரியும் மாற்றி எழுதியதில்லை.

“ஆமாம்மா. நீங்க சொன்னதை நம்பித்தான் உக்காந்தார். கண்ணுல பட்டதைத்தான் நீங்க சொன்னீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும், அந்த டார்ச்சோட, அந்த இருட்டுல, இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“பொய் சொல்லியிருக்கலாம்ல நீங்க. என்மேல தப்பே இல்லன்னு.”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

கிறிஸ்டினா இல்லை என்று தலையசைத்தாள். பிறகு, முப்பது நாளில் முதல் தடவையாக, அங்கேயே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அபிதகுஜாம்பாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜகோபால் வண்டியை அணைத்தார்.

அவர்கள் போன பிறகு அம்மணி இரண்டு தட்டு வைத்தாள். ஒரு தட்டில் அதிகமாகவே குழம்பு ஊற்றினாள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் இன்டர்நெட் கம்பெனிப் பையன் ஒருவன் வந்து, டேனியல் பேரில் இருந்த இணைப்பை யார் பேருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டான். கிறிஸ்டினா தன் பேரைக் கொடுத்தாள். “வைஃபை பேரையும் மாத்திடவாக்கா?” என்றான். அது டேனியல் வைத்த பேர். வேண்டாம் என்றாள். அந்தத் தெருவில் யார் போனில் தேடினாலும், பட்டியலில் அது அப்படியே வருகிறது: ‘உள்ளே தேள் இருக்கு, தட்டிட்டு வா.’