எரியாத சொட்டு

பதினோரு வருடம் நான் வேலை பார்த்த அறைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நோயாளியாகப் போனேன். கண் மருத்துவமனையின் மாடியில், கண்ணின் அழுத்தம் பார்க்கும் அறை. ஜன்னலில் கறுப்புத் திரை, ஸ்பிரிட் வாடை, நடுவில் தாடையை வைத்து உட்காரும் கருவி. எப்போதும் கருவிக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள் நான். அன்று இந்தப் பக்கம்.

வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கிருமி எதுவும் இல்லை, உடம்பே தன் கண்ணோடு சண்டை போடுகிறது என்று சொல்லி டாக்டர் ஸ்டீராய்டு சொட்டு எழுதினார். பால் நிறத்தில் இருக்கும்; குலுக்கி, மணிக்கொரு தரம் விட வேண்டும். கண்ணுக்குள் வரும் வீக்கத்தை அதுபோல அடக்கும் மருந்து கிடையாது. ஆனால் சிலருக்கு அது கண்ணின் அழுத்தத்தைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். ஏறிய அழுத்தம் நரம்பைக் கொல்லும். செத்த நரம்புக்கு மருந்தில்லை. அதனால்தான் வாராவாரம் அளப்பது.

"உனக்கு நான் சொல்லணுமா?" என்றார் டாக்டர்.

சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் இரண்டு கண்ணிலும் இதே வீக்கத்தோடு ஒரு தையல்கார அம்மா வந்துகொண்டிருந்தார். முதல் செவ்வாய் முறையாகத்தான் அளந்தேன். பதினாறு. பயமில்லாத அளவு. அளக்கும் முன் கண்ணை மரத்துப்போக வைக்க ஒரு சொட்டு விடுவோம், சுரீரென்று எரியும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு துள்ளிவிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து வரிசை மாடிப்படி வரை நின்றது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, வெளியே மூச்சு விடமாட்டோம்: கூட்டம் கழுத்தை நெரித்தால் முந்தின வார எண்ணையே எழுதிவிடுவோம். ஆறு செவ்வாய், ஆறு பதினாறு. அந்த எண்ணை நம்பி டாக்டர் அதே ஸ்டீராய்டு சொட்டைத் தொடரச் சொன்னார்.

எட்டாவது செவ்வாய் அந்த அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். அன்றுதான் அளந்தேன்.

ஐம்பத்திரண்டு.

மருத்துவமனை விசாரணையில் வாய் கூசாமல் பொய் சொன்னேன், அவரே கடையில் ஸ்டீராய்டு சொட்டை வாங்கி இஷ்டத்துக்கு விட்டிருக்கிறார் என்று. அவர் கத்தவில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அந்த எரியிற சொட்டு முதல் நாளோட சரி. அப்புறம் கண்ணு போற வரைக்கும் ஒரு நாளும் எரியலையேம்மா."

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் தன் வீட்டுப் படியிலேயே தடுக்கி விழுந்து இறந்துபோனார். கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் இடத்தில், என்னோடு வேலை பார்ப்பவள் உட்கார்ந்திருந்தாள். என் கண்ணில் சொட்டு விட்டாள்.

எரியவில்லை.

"மரக்கிற சொட்டு விட்டியா?"

"விட்டேனே அக்கா. கன்னத்துல வழியுது பாருங்க."

நீல வெளிச்சம் கண்ணை நெருங்கியது. பதினாறு என்று எழுதிக்கொண்டாள். ஸ்பிரிட் வாடை போய், தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயின் வாடை அறையில் நிறைந்தது.

அடுத்த வாரமும் பதினாறு. மூன்றாவது வாரம் விளக்குகளைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிந்தன, மண்டை பிளந்தது. அப்போதும் பதினாறு. வேறு மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கேயும் சொட்டு எரியவில்லை, எண்ணும் மாறவில்லை. வலி வீக்கத்தால்தான், ஸ்டீராய்டு சொட்டைச் சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பி வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்கள். எத்தனை நோயாளிகளிடம் நானே ஒப்பித்த பாடம் அது.

ஐந்தாவது செவ்வாய் தாடையை வைத்துக் காத்திருந்தேன். காதோரம் அந்தத் தையல்கார அம்மாவின் குரல்.

"ஆடாம உக்காரும்மா."

எதிரே இருந்தவள் வாயே திறக்கவில்லை.

தாடைக்குக் கீழே ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு சிவப்பு நூல்.

டாக்டரின் அறைக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் மூடிய இமைமேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினார்.

"கல்லு மாதிரி இருக்கே," என்றார்.

அவரே சொட்டு விட்டார். சுரீரென்று எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நான் சந்தோஷத்தில் அழுதேன். கருவி ஐம்பத்திரண்டு காட்டியது. நரம்பு போய்விட்டது, இனி அந்தக் கண் திரும்பாது என்றார். அந்த அம்மாவுக்கு நான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கண்ணோடு அந்த அம்மா என்னை விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

இன்று காலை இடது கண் சிவந்திருந்தது.

வேறு வழியில்லை என்று டாக்டர் அதே ஸ்டீராய்டு சொட்டையும், கூடவே அழுத்தத்தைக் குறைக்க இன்னொன்றையும் எழுதினார். இனி யாரையும் நம்ப வேண்டாம், தானே அளப்பதாகச் சொல்லி என் கோப்பைத் திறந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

இனி வரப்போகும் ஆறு செவ்வாய்க்கிழமைகளின் தேதி. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதினாறு. என் கையெழுத்து.

"எப்ப எழுதின?"

"நான் எழுதல சார்."

அவர் மரத்துப்போக வைக்கும் சொட்டை எடுத்தார். தலையை அண்ணாந்தேன். எரியட்டும், கடவுளே, எரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். துளி விழுந்தது. குளிர்ந்து, கன்னத்தில் வழிந்தது.

எரியவில்லை.