கப்பல் வளையம்

"வினோதா...!"

பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்தில், காலை ஒன்பதரை மணிக்கு அந்த அலறல் கேட்டது.

அலறியவன் ஹரிசங்கர். பதில் சொல்ல வேண்டிய வினோதன், தன் பிக்கப்பின் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தான். பின்கண்ணாடி சுக்கல் சுக்கலாகியிருந்தது. பின்மண்டையில் அடித்த இரும்பு வளையம் பக்கத்து சீட்டில் கிடந்தது.

பினாங்கு தமிழர் குட்டி ஜீப் சங்கத்தின் தலைவர்... காலி!

இன்ஸ்பெக்டர் ராகினி வந்து சேர்ந்தபோது சங்கமே சேற்றில் நின்று அழுதுகொண்டிருந்தது. இறந்தவனையும் சேர்த்து மொத்தம் பதினோரு பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் இருவர், ஆலோசகர் மூவர். பதவியில்லாத ஒரே மனிதர் பக்கிரிசாமி. ஹரிசங்கரைப் போலவே அவரும் வரும் ஞாயிறு தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறார்.

துணைத் தலைவர் ஹரிசங்கர் மூக்கைச் சிந்திக்கொண்டே நடந்ததைச் சொன்னான். அவனுடைய புது ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது. வினோதன் பிக்கப்பை முன்னால் நிறுத்தி, வண்டி இழுக்கும் ஸ்ட்ராப்பை வீசினான். மறுமுனையை ஜீப்பில் மாட்டிவிட்டு, 'சரி, இழு' என்று கை காட்டியது ஹரிசங்கர். வினோதன் நம்பி இழுத்தான். ஜீப்பின் அடியிலிருந்த வளையம் பிய்ந்து, ஸ்ட்ராப்போடு பறந்து போய்...

மேலே சொல்ல முடியாமல் அழுதான். நன்றாகவே அழுதான்.

ராகினி குனிந்து பார்த்தாள். ஜீப்பின் முன்பக்கம், அடிச்சட்டத்தோடு தடித்த போல்ட் போட்டு முடுக்கிய சிவப்புக் கொக்கி. ஒரு கீறல்கூட இல்லை. எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த சரம் ஒன்று அதில் தொங்கியது.

"இவ்வளவு நல்ல கொக்கி இருக்கே. இதுல ஏன் மாட்டல?"

"போன வாரம் கோயில்ல பூஜை போட்டப்ப வைஃப் கட்டுனது, புவான். சாமி காரியம் லா... அவுத்து சேத்துல போட மனசு வரல. பக்கத்துல ஒரு வளையம் இருந்துச்சு. அதுவும் இரும்புதானேன்னு மாட்டிட்டேன். எனக்கு இதெல்லாம் தெரியாது."

ராகினி எலுமிச்சையை முகர்ந்தாள். பினாங்கு வெயிலில் ஒரு வாரம் தொங்கிய பழம் இப்படிப் பளபளக்காது. இன்று காலை கட்டியது. ஆனால் கேட்டால், பழசை எடுத்துப் புதுசு மாற்றினேன் என்று சொல்லிவிடுவான்.

தெரியாது... அந்த ஒரு சொல் போதும், அவன் தப்பிக்க. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைவர் நாற்காலியில் மாலையோடு உட்காருவான். தெரிந்தேதான் மாட்டினான் என்பது அவன் வாயாலேயே வரவேண்டும்.

ராகினி எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"தலைவர் இல்ல. துணைத் தலைவருக்கு ஒண்ணும் தெரியாதாம், அவரே சொல்றாரு. பக்கிரிசாமி அண்ணே, இந்த ஜீப்ப எங்க மாட்டி இழுக்கணும்னு நீங்க சொல்லுங்க. தெரிஞ்சவர்தானே அடுத்த தலைவரா வரணும்."

பக்கிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். பம்பரில் மாட்டலாம் என்றார். பிக்கப் பக்கம் ட்ரெய்லர் மாட்டும் குண்டில் போடலாம் என்றார். கெட்டியாகத் தெரிகிற எதிலும் மாட்டலாம் என்று முடித்தார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

ஹரிசங்கரின் அழுகை நின்றது. காது சிவந்தது.

"பிரமாதம், அண்ணே" என்றாள் ராகினி. "ஹரிசங்கர், நீங்களும் இவர்கிட்ட கத்துக்குங்க."

அவ்வளவுதான்.

"இவருகிட்டயா! பம்பர்ல போட்டா பம்பர் கழண்டு வந்துரும். குண்டு பிச்சிக்கிச்சுன்னா பின்னால வர்றவன் செத்தான். சட்டத்துல போல்ட் போட்ட கொக்கி, அதுல மட்டுந்தான் போடணும். அடியில இருக்கற வளையம் கப்பல்ல ஏத்தறப்ப வண்டி ஆடாம கட்டி வைக்கறதுக்கு. சேத்துல இழுத்தா அது பிச்சிக்கிட்டு இழுக்கறவன் மண்டையிலதான் போயி அடிக்கும். இதுகூட தெரியாம தலைவராம்..."

சட்டென்று பேச்சை நிறுத்தினான்.

உறுப்பினர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாதுன்னு சொன்னீங்களே" என்றாள் ராகினி மெதுவாக.

கான்ஸ்டபிள் குணாளன் விலங்கை மாட்டிவிட்டு, பிக்கப்பில் கிடைத்த ஒரு கவரை நீட்டினான். ராகினி பிரித்தாள். சங்கத்தின் வேட்புமனு. வினோதனின் கையெழுத்து.

'நான் இம்முறை போட்டியிடவில்லை. இந்த விஷயத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஹரிசங்கர். அவரையே தலைவராக முன்மொழிகிறேன்.'

ராகினி காட்ட, ஹரிசங்கர் அதை இரண்டு முறை படித்தான். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். இந்த முறை அவன் அழுதது நிஜம்.

அவனை வேனில் ஏற்றும் நேரத்தில் பக்கிரிசாமி மெல்ல அருகில் வந்தார்.

"புவான்... ஞாயித்துக்கெழம தேர்தல் நடக்குந்தானே?"

"கூட்டத்துக்குக் கொறஞ்சது எத்தன பேர் வேணும்?"

"பத்து."

ராகினி சேற்றில் நின்றவர்களை எண்ணினாள். ஒன்பது.

"அப்ப கூட்டத்த ஜெயில்ல வச்சுக்குங்க, அண்ணே. பத்தாவது ஆளு அங்கதான் இருப்பாரு."