சுற்றிப் போன கோடுகள்

அது பழைய குழந்தைகள் ஆஸ்பத்திரி. இப்போது அருங்காட்சியகம். காட்சி வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் போய் இறங்கியபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வகுப்பே 'அக்கா' என்று கூப்பிடுகிறவள் மட்டும் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்கப்புறம் படிக்க வந்தவள். போன முறை இந்தப் பாடத்தில் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் போனால் படிப்புக்கே முழுக்கு. வீட்டில் ஆளில்லை என்பதற்காக மட்டம் போட முடியுமா என்ன?

"வாலு, எதையும் தொடாம சமத்தா உக்காரணும்" என்றாள் மகளிடம்.

செய்ய வேண்டிய வேலை சுலபம்தான். மூலையில் உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று அறையின் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். ஆளுக்கு ஒரு கோடு. அக்காவுக்குக் கிடைத்தது கடைசி வார்டு. வரிசையாக இரும்புக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, மூடியே கிடக்கும் ஜன்னல்கள்.

கோடுகள் கூடக் கூட அவளுக்கு என்னவோ போலிருந்தது. கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வெள்ளையாகவே கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் தரை.

"தண்ணி கிண்ணி கொட்டியிருக்கும்கா" என்று எட்டிப் பார்க்கப் போனான் கூடப் படிக்கிற நெட்டையன். தரை உலர்ந்திருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். வரும்போது அவனும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தான்.

பாடம் நடத்தும் சார் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "இது செத்த இடம்மா. ஒரு பொருளை வச்சாத்தான் கூட்டம் அங்க நிக்கும். அந்தக் கண்ணாடிப் பெட்டியை நகர்த்திப் போட்டுப் பாரு. சரியா வந்தா நீ பாஸ்."

தெர்மாமீட்டர்கள் அடுக்கிய பெட்டி அது. அக்கா ஒரு பக்கமும் நெட்டையன் மறுபக்கமும் பிடித்தார்கள். வாலு ஓடி வந்து அம்மாவின் துப்பட்டாவை இழுத்தாள்.

"அம்மா, அங்க வைக்காதே. அப்புறம் அந்த ஆன்ட்டி எங்க நிப்பாங்க?"

அக்கா அந்த வெறும் தரையைத் திரும்பிப் பார்த்தாள். கையை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் சார் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே.

தள்ளினாள்.

பினாயில் வாசனை குப்பென்று எழுந்து அடங்கியது. அதன் பிறகு வந்தவர்கள் யாரும் வளைந்து போகவில்லை. நேராகப் பெட்டியிடம் வந்து நின்றார்கள், பார்த்தார்கள், போனார்கள். சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "தேறிட்டே போ" என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

வாசல் படியில் வாலு மெல்ல முணுமுணுத்தாள். "ஆன்ட்டி என்கூட வராங்கம்மா."

"சும்மா இரு."

திரும்பும் பஸ்ஸில் நிற்க இடமில்லாத நெரிசல். ஆனாலும் வாலு உட்கார்ந்திருந்த சீட்டை ஒட்டி ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டே எல்லோரும் நின்றார்கள். அக்கா அதைப் பார்த்தாள். பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வாலு சுருண்டு படுத்துவிட்டாள். காலையில் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வெளிச்சம் இன்னும் போகவில்லை. கணவன் பால் டம்ளரோடு அறைக்குள் போனான். கட்டில் பக்கம் வந்ததும் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் டம்ளரை வைத்தான்.

அக்கா அறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

"ஏங்க சுத்திப் போறீங்க?"

"எங்க சுத்தினேன்? நேராத்தானே வந்தேன்."

பினாயில் வாசனை.

வாலு நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் விரிப்பிலிருந்து மேலே எழும்பி நின்றது. மணிக்கட்டு மேல்பக்கமாகத் திரும்பியிருந்தது. விரல்கள் துவண்டு தொங்கின. யாரோ பிடித்து நாடி பார்ப்பது போல அந்தக் கை அந்தரத்தில் அசையாமல் நின்றது.

"என் பிள்ளையை விடு" என்று அக்கா பாய்ந்து ஓடினாள். நேராக ஓடத்தான் நினைத்தாள்.

அவளுடைய கால்களும் சுற்றிக்கொண்டுதான் போயின.