மேற்குச் சுவரின் ஊறல்

மாநாட்டுக்கு வந்த முந்நூறு பேரும் கல்லூரி மைதானத்து வேப்பமரங்களுக்கு அடியில் நின்று மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்பதில் தொடங்கி, கல்லூரி முதல்வர் அமலனுக்குப் பதவி எப்படிக் கிடைத்தது என்பது வரை எல்லாம் வெட்டவெளியில் அலசப்பட்டது. மணி அடித்ததும் வாயை மூடிக்கொண்டு அரங்கத்துக்குள் போனார்கள். சுவர் இருக்கும் இடத்தில் இப்போதெல்லாம் புகழ்வதற்கு மட்டும்தான் வாய் திறக்கிறது.

புகழத்தான் கூடியிருந்தார்கள். மறைந்த இயற்பியலாளர் இளவழகனின் அறிவியல் கொடை, பண்பாட்டுக் கொடை பற்றி இரண்டு நாள் மாநாடு. நாம் பேசும் பேச்சின் அதிர்வு சுவரின் சுண்ணாம்புக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்று முப்பத்தோராண்டுகளுக்கு முன் இதே திருநெல்வேலிக் கல்லூரியில் கண்டுபிடித்தவர். அதற்கு 'ஊறல்' என்று தமிழில் பெயர் வைத்து, உலகத்து விஞ்ஞானிகளை எல்லாம் நம் றகரத்தோடு மல்லுக்கட்ட வைத்தவரும் அவரே என்கிறது பாடப்புத்தகம். ஊறலைக் குரலாகத் திருப்பித் தரும் 'மீட்பி' வந்த பிறகு ஊர் உலகமே மாறிவிட்டது. நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கிறார்களோ இல்லையோ, சமையலறைச் சுவரை ஒரு தடவை மீட்டுக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

அரங்கத்தின் மேற்குச் சுவரில் மீட்பியைப் பொருத்திக்கொண்டிருந்தாள் நிறைமதி. மாநிலச் சுவர் மீட்புத் துறையின் தலைவி, வயது ஐம்பத்தைந்து. அந்தக் காலத்தில் இளவழகனின் ஆய்வு மாணவி. ராப்பகலாகக் கணக்குப் போட்டவள் அவள். ஊறல் என்ற பெயரைச் சொன்னவளும் அவள். கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. விருது விழாவில் ஒரு நிருபர், "உங்ககூட ஒரு பொண்ணு வேலை பார்த்தாங்களே, அது யாரு சார்?" என்று கேட்டபோது, இளவழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தெரியலையே" என்றார்.

வீட்டில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நிறைமதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறாள். மீட்புத் துறையில் சேர்ந்ததும், படிப்படியாக ஏறித் தலைவி ஆனதும் அதற்காகத்தான். அவர் செத்துவிட்டாரே என்று கோபம் தணியவில்லை. தப்பித்துவிட்டாரே என்று இன்னும் ஏறியது.

சுவரின் சொந்தக்காரர் எழுதிக் கொடுக்காமல் எந்தச் சுவரையும் மீட்க முடியாது. இந்த அரங்கம்தான் அன்றைய ஆய்வுக்கூடம். இளவழகன் உயிரோடு இருந்தவரை இதைத் தொட விடவில்லை. இப்போது கல்லூரியே கடிதம் கொடுத்து அழைத்திருக்கிறது. ஊறலை அவர் உலகுக்கு அறிவித்த உரையை எல்லோரும் கேட்க வேண்டுமாம். கடிதத்தில் மாதமும் ஆண்டும் இருந்தன. தேதி போட மறந்திருந்தார்கள்; அப்படியென்றால் அந்த மாதம் முழுவதையும் மீட்கலாம். நிறைமதி அதை ஏழு தடவை படித்தாள். பிறகு மொட்டைமாடிக்குப் போய் வாய்விட்டுச் சிரித்தாள்.

மீட்பியிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும், அந்தச் சொல் எந்த உருவில் வந்தாலும் அந்தப் பேச்சை மட்டும் சுவரிலிருந்து பொறுக்கித் தரும். கடைசியாக ஊறியது முதலில் வரும், முந்தியது பிந்தி வரும். அவள் 'ஊற' என்று கொடுத்தாள். அந்தச் சொல் எந்த வாயில் பிறந்தது என்று ஊரே கேட்கட்டும்.

"நண்பர்களே, இந்தச் சுவர் ஊமை இல்லை. இதற்கு நான் ஊறல் என்று பெயர் வைத்திருக்கிறேன்."

வெண்கலக் குரல். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உரை முடிந்ததும் நன்றி சொல்ல முதல்வர் எழுந்தார். மீட்பி நிற்கவில்லை.

"சார், ஊறல் கட்டுரையில என் பேரு இல்லையே?" என்றது ஓர் இளம்பெண் குரல்.

"நாளைக்கே கல்யாணம் ஆகிப் போயிருவ. உனக்கெதுக்கும்மா பேரு?" என்றது அதே வெண்கலம்.

அமலன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், நிறுத்துங்க! நாளைக்கு அவர் சிலையைத் திறக்க அமைச்சர் வர்றாரு!"

"பாதியில நிறுத்தினா மிச்ச ஊறல் அழிஞ்சு போயிரும் சார். மூணு வருஷம் ஜெயில்," என்றாள் நிறைமதி. "அந்தச் சட்டத்தை எழுதினதே நான்தான்."

அவர் முகம் செத்துப்போவதை நிதானமாக ரசித்தாள். அடுத்த பேச்சு வந்தது.

"ஊறல்னு வைக்கலாம் சார்."

"அட! எங்கேம்மா புடிச்ச?"

"தானா தோணுச்சு சார்."

முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து கைதட்டினார். பிறகு அரங்கமே எழுந்து தட்டியது. முப்பத்தோராண்டுப் பசி அடங்கியது போல் இருந்தது நிறைமதிக்கு. இனிமேல் வர ஒன்றுமில்லை என்று மீட்பியைக் கழற்றக் கை நீட்டினாள்.

மீட்பி தொண்டையைச் செருமியது. ஆண் குரல், வயதான குரல்.

"செவுத்துக்குள்ள பேச்சு ஊறிக் கெடக்கும்மா, மழத்தண்ணி ஊறுத மாதிரி. வெள்ளன பெருக்க வரும்போது காத வச்சா லேசாக் கேக்கும். சுண்ணாம்பு உதுந்த எடத்துல கேக்காது."

கைத்தட்டல் நின்றது.

"இது யாரு மேடம்?" என்று கேட்டார் அமலன்.

காக்கிச் சட்டையும் துடைப்பமும் பீடி வாசமும் அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தன. பெயரும் வந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட வராத பெயர். சொல்லிவிடலாம். சொன்னால் பாடப்புத்தகத்தில் ஏறப்போவது அந்தப் பெயர்தான். முந்நூறு முகங்கள் அவளையே பார்த்தன. நிறைமதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"தெரியலையே."

மீட்பி கடைசிப் பேச்சுக்கு வந்தது. அவளுடைய இளம் குரல், கணீரென்று.

"மாசிலாமணி அண்ணே, செவுத்துல என்னமோ ஊறிக் கெடக்குன்னு முனகிக்கிட்டே வந்தீங்களே. திரும்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

முந்நூறு பேரும் மனம்விட்டுப் பேச வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.