மீறல் இல்லை

பகல் 12.02. தேர்வு முடிந்து அறைக்கதவைத் திறந்த மகள்தான் முதலில் பார்த்தாள். சமையலறைத் தரையில் அம்மா குப்புறக் கிடந்தாள். கழுத்தில் கைத்துண்டு இறுகியிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. அவள் தங்கச் சங்கிலியைக் காணோம்.

12.40க்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது, அந்தப் பதினேழு வயதுப் பெண் திரும்பவும் கணினியின் எதிரில் போய் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முதுகு மட்டும் அளவுக்கு மீறி நேராக இருந்தது.

"சத்தம் ஏதாவது கேட்டுச்சாம்மா?"

"இல்ல."

"ஒரு சுவர்தானே நடுவுல?"

"கேக்கல மேடம். பரீட்சை எழுதிட்டிருந்தேன்."

கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. யாரும் கேட்பதற்கு முன்பே தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்ட பதில் என்று இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தோன்றியது. அழுத்திக் கேட்க மனம் வரவில்லை.

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு அது. வீட்டிலிருந்தே எழுதலாம், மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. செயற்கை நுண்ணறிவு கேமரா வழியாகக் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்வை திரையை விட்டு விலகினால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு ரத்து, ஒரு வருடம் பாழ். ஒவ்வொரு எச்சரிக்கையும் பெற்றவர்களின் செல்போனுக்கும் போகும். பத்து மணிக்குத் தொடங்கிய தேர்வில் இந்தப் பெண் முதல் அரைமணி நேரத்துக்குள் இரண்டு வாங்கியிருந்தாள்.

ஒரு மணிக்கு அப்பா ஓடி வந்தார். பேராசிரியர். சட்டையெல்லாம் வியர்வை. மகளைக் கட்டிக்கொண்டு விம்மினார். அவள் கைகள் தொங்கியபடியே இருந்தன.

"காலையில எங்க சார் இருந்தீங்க?"

"கல்லூரியில. பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் என் அறையில இருந்தே நேரலை வகுப்பு. இருநூறு பேர் என் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தாங்க."

"நடுவுல ஏதாவது தடங்கல்?"

"ஒண்ணுமே இல்ல. ஊசி விழுந்தாக் கேக்கும், அவ்வளவு அமைதி. பதிவு இருக்கு, பாத்துக்குங்க."

"உங்க வீட்டம்மா வேலை பாத்தாங்களா?"

"அதே கல்லூரிதான். போன வருஷம் நின்னுடுச்சு. அதுல இருந்து அவளுக்கு மனசே சரியில்ல."

மூன்று மணி. ஸ்டேஷனில் தேர்வின் பதிவை ஓடவிட்டார்கள். 10.41க்கு ஏதோ மூடி தரையில் விழுந்து உருளும் சத்தம். அதற்குச் சற்று முன், மெலிதாக, ஒரு பெண்குரல்: "குட்டிம்மா!"

திரையின் ஓரத்தில் இயந்திரம் குறித்திருந்தது: வெளிச்சத்தம். பார்வை விலகவில்லை. மீறல் இல்லை.

ஏட்டு உச்சுக்கொட்டினார். "பெத்தவ கூப்பிடுறா, இமைகூட ஆடலையே. கல்லு மேடம் இந்தப் பொண்ணு."

"கண்ணைப் பாக்காதீங்க ஏட்டையா. கழுத்தைப் பாருங்க."

தொண்டை விழுங்கிக்கொண்டே இருந்தது. ஒருமுறை, இருமுறை, நிற்காமல். கண்கள் மட்டும் கேள்வியில் நிலைகுத்தி நின்றன. கன்னத்தில் இறங்கிய நீரைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை. இயந்திரத்துக்குத் தொண்டையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தன் மகன் ஞாபகத்துக்கு வந்தான். கேமரா முன் அசையாமல் உட்காரப் பழகிவிட்டான் என்று போன வாரம்தான் தங்கையிடம் பெருமையாகச் சொன்னாள்.

நான்கரை மணிக்குக் கல்லூரி. கூடத்துப் பெரிய திரையில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு இரத்த ஓட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா நின்றுவிட்டாள். மதியம் தரையில் பார்த்த அதே முகம்.

"அது கணினியில செஞ்ச அந்த அம்மாவோட நகல்," என்றார் காவலாளி. "பேசும், கேள்வி கேட்டா பதில் சொல்லும். நகல் வந்ததும் அசலை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்னைக் கேக்காம என் முகத்தையும் குரலையும் குடுத்தது யாருன்னு அந்த அம்மா வழக்குப் போட்டிருந்தாங்க. நாளைக்கு விசாரணை. பாவம்."

"அவங்க வீட்டுக்காரருக்கும் நகல் இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு. ஆனா அவர் தொடமாட்டார். நான்தான் எடுப்பேன்னு மார்தட்டுவார்."

"இன்னிக்கு அவர் வெளியே போனாரா?"

"வாசல் வழியாப் போகல. பின்பக்கப் படியில எனக்கு என்ன தெரியும்? இன்னிக்கு ஒரே ரகளை. பத்தரை மணி வாக்குல கரண்ட் வேலைக்கு வந்தவன் எதையோ நோண்டி, தீ மணி அலறிடுச்சு. நிறுத்தறதுக்குள்ள கால் மணி நேரம். மொத்தக் கட்டடமும் இறங்கி வந்துடுச்சு. காது இன்னும் குய்யுங்குது."

"அவர் வந்தாரா?"

"அவர் அறை வாசல்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுது. வகுப்புன்னு யாரும் கதவைத் தட்டல."

ஆறு மணிக்குப் பேராசிரியரை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். அவருடைய வகுப்பின் பதிவு மேசைமேல் ஓடியது. 10.41. திரையில் அவர் அமைதியாக ஒரு வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஊசி விழுந்தாக் கேக்கும்னு சொன்னீங்க. அப்போ உங்க தலைக்கு மேலயே தீ மணி அலறிக்கிட்டிருந்தது சார்."

அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. "ஆங்... அதுவா. மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிடும்."

"மைக் வடிகட்டும். உங்க காது? பக்கத்து அறைக்காரர் காதைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கார். நீங்க அண்ணாந்துகூடப் பாக்கல. மணி அடிச்சதே உங்களுக்குத் தெரியாது. பாடம் நடத்தினது உங்க நகல்."

இன்ஸ்பெக்டரம்மா பதிவை நிறுத்தினாள்.

"9.58க்கு நகலை ஓடவிட்டது நீங்கதான்னு கல்லூரிக் கணினி சொல்லுது. சங்கிலி உங்க கார் ஸ்டெப்னிக்கு அடியில இருந்தது. மனைவியோட முகத்தைக் கல்லூரிக்குக் குடுத்தது நீங்கதான். நாளைக்கு அது வெளிய வந்துடும். அதனால இன்னிக்கே முடிச்சீங்க."

"வீட்டுல பொண்ணு இருக்கிறப்ப யாராவது..."

"அதான் சார் தாங்க முடியல. ரெண்டாவது எச்சரிக்கை உங்க போனுக்கு வந்த பிறகுதான் பின்கதவைத் திறந்தீங்க. என்ன கேட்டாலும் அவ இனித் திரும்பமாட்டான்னு உங்களுக்குத் தெரியும். அவளோட பயத்தைக் காவலுக்கு வெச்சுட்டுப் போனீங்க."

அவர் தலை கவிழ்ந்தது. ஏட்டு உள்ளே அழைத்துப் போனார்.

மகள் வெளி பெஞ்சில் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். இன்ஸ்பெக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வாக்குமூலம் வேண்டும். அதற்கு, சத்தம் கேட்டது என்று அந்தப் பெண் தன் வாயால் சொல்லியாக வேண்டும். அம்மாவின் மூச்சு அடங்க மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இவளிடம் எப்படிச் சொல்வது? மறைத்தாலும் நீதிமன்றத்தில் யாரோ உரக்கப் படிப்பார்கள்.

"கேட்டுச்சு மேடம்," என்றாள் பெண், தானாகவே. "எழுதிக்குங்க."

"என்ன கேட்டுச்சும்மா?"

"குட்டிம்மா, எழுந்து வராதேன்னாங்க. பரீட்சை முக்கியம், எழுந்து வராதேன்னாங்க."

இன்ஸ்பெக்டரம்மா அந்தப் பதிவைப் பலமுறை போட்டுக் கேட்டிருந்தாள். பெயருக்குப் பிறகு அதில் மூடி உருளும் சத்தம் மட்டும்தான்.

பேனாவைத் திறந்தாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்.